204 என்னும் நிறுத்தம்

விண்டோஸில் சி மொழி பழகும் சீன மாணவர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. மதிப்பு எதுவும் தராத ஒரு மாறியை எழுத்தாக அச்சிடச் சொன்னால், திரையில் ஒரே சீன எழுத்து திரும்பத் திரும்ப வரிசைகட்டி நிற்கும். அதன் பொருள் ‘சுடுகிறது’. சுடுகிறது, சுடுகிறது என்று கணினி அலறுகிறதாம். விஷயம் இதுதான்: மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி, பிழைதேடுவதற்கென்று நிரலைத் தயாரிக்கும்போது, ஸ்டாக்கில் இன்னும் நிரப்பப்படாத இடத்தையெல்லாம் 204 என்ற எண்ணால் நிரப்பி வைத்துவிடும். இரண்டு 204 அடுத்தடுத்து வந்தால், சீனக் குறிமுறையில் அது அந்தச் சுடுகிற எழுத்து.

வேறு எத்தனையோ எண் இருக்க 204 ஏன்? இன்டெல் வழிவந்த செயலிகளுக்கு 204 என்றால் ‘நில்’. நிரல் தடம் புரண்டு அந்த இடத்துக்குள் புகுந்து, கிடப்பதைக் கட்டளை என்று நினைத்து ஓடத் தொடங்கினால் முதல் அடியிலேயே நின்றுபோகும். எடிட்டரில் ஒரு வரியின் ஓரத்தைத் தட்டிச் சிவப்புப் புள்ளி வைக்கிறோமே, பிரேக்பாயின்ட், அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் இதே 204தான்.

ஓடும் நிரலை நிறுத்துவதில் பெரிய வித்தை இல்லை. செயலிக்குப் புரியாத எதையாவது வழியில் போட்டால் தானாக நிற்கும். நின்ற இடத்திலிருந்து, இடையில் ஒன்றுமே நடக்காததுபோல அதை மறுபடி ஓடவைப்பதில்தான் வித்தை. பிரேக்பாயின்ட்டின் எண்பது ஆண்டுக் கதை முழுக்க இந்த இரண்டாவது வேலையின் கதைதான். அதில் ஒவ்வொரு செயலியும் தன் பங்குக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது.

தொடக்கம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் உருவாகி 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். அதற்கு நிரல் என்பது எழுதுகிற சமாச்சாரம் இல்லை, கேபிள் சொருகுகிற சமாச்சாரம். ஓர் அலகு தன் வேலையை முடித்ததும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு கேபிள் வழியே போய் அடுத்த அலகை எழுப்பும். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதே நிரல். அந்த வேலைக்கு முதலில் அமர்த்தப்பட்ட ஆறு பெண்களில் ஒருவர் பெட்டி ஸ்னைடர். திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன். கணக்கு பாதியில் எப்படிப் போகிறது என்று பார்க்க, துடிப்பைக் கொண்டுபோகும் கேபிளை உருவிவிடும் உத்தியை அவர் பெயரில்தான் கணினி வரலாறு வரவு வைத்திருக்கிறது. கேபிள் இல்லை என்றால் அடுத்த அலகு எழும்பாது. அதுவரை கூட்டிய எண்கள் எல்லாம் நியான் விளக்குகளில் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். படித்துக்கொள்ளலாம். தொடர்பை அறுத்த அந்த இடம்தான் பிரேக்பாயின்ட். கேபிளை மறுபடி சொருகிவிட்டால் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதைவிடச் சுத்தமான பிரேக்பாயின்ட் அதற்குப் பிறகு வரவே இல்லை என்பது என் எண்ணம். கணக்கில் இருக்கும் எண் ஒன்றையும் அது தொடவில்லை.

நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில் குடியேறியதும் உருவுவதற்குக் கேபிள் இல்லாமல் போயிற்று. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் எட்சாக் ஓடத் தொடங்கிய காலத்தில், தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்ற உண்மை மாடிப்படியில் வைத்துத் தனக்கு உறைத்ததாக மாரிஸ் வில்க்ஸ் பிற்பாடு எழுதினார். இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி விளக்குகளை உற்றுப்பார்ப்பது ஒரு வழி. கணினி நேரம் பொன்னாக இருந்த காலத்தில் அதற்கு யார் விடுவார்கள்? அங்கேயே ஸ்டான்லி கில் 1951இல் ஒரு கட்டுரையில் வேறு வழிகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று, சோதிக்க வேண்டிய நிரலை நேராக ஓடவிடாமல், இன்னொரு நிரல் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தானே செய்துகாட்டி, செய்ததை அச்சடித்துக்கொண்டே போவது. எல்லாம் தெரியும். ஆனால் ஆமை வேகம்.

இன்றைய வடிவம் அமெரிக்காவின் எம்ஐடியில் உருப்பெற்றது. அங்கே டிஎக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினிக்குத் தாமஸ் ஸ்டாக்ஹாமும் ஜாக் டென்னிஸும் ஃபிளிட் என்ற நிரலை எழுதினார்கள். தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்து, ஓடும் நிரலோடு பேசிப் பிழை தேட உதவும் கருவி அது. ஃபிளிட் என்பது அன்றைய அமெரிக்க வீடுகளில் பூச்சிக்கு அடிக்கிற மருந்தின் பெயர். 1961இல் பிடிபி-1 கணினி வந்ததும், அதில் பிறந்த வாரிசுக்கு அதைவிட வீரியமான மருந்தின் பெயரை வைத்தார்கள்: டிடிடி. ஆம், மலேரியா ஒழிப்புக்காரர்கள் நம்மூர்ச் சுவர்களில் அடித்துவிட்டுப் போன அதே டிடிடி.

டிடிடி குடும்பத்தின் உத்தி எளிமையானது, துணிச்சலானதும்கூட. எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ, அங்கிருக்கும் கட்டளையை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதே இடத்தில் ‘டிடிடிக்குத் தாவு’ என்ற கட்டளையை எழுதிவிடும். நிரல் அங்கே வந்ததும் டிடிடியின் கைக்கு வந்துவிடும். பிறகு தொடரச் சொன்னால், பத்திரப்படுத்திய கட்டளையைத் தன் இடத்திலேயே வைத்துச் செய்து முடித்து, அடுத்த கட்டளைக்கு நிரலை அனுப்பிவைக்கும். பிடிபி-1இல் கட்டளை ஒவ்வொன்றும் ஒரே நீளம், 18 பிட் கொண்ட ஒரு சொல். எதை எடுத்தாலும் அந்த இடத்தில் தாவல் கட்டளை அச்சாகப் பொருந்தும். அந்தச் சௌகரியம் எவ்வளவு பெரிய வரம் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

அப்போதே ஓட்டைகளும் இருந்தன. பின்னால் வந்த பிடிபி-10இன் டிடிடி கையேடு எச்சரிக்கும்: நிரல் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் கட்டளைமேல் பிரேக்பாயின்ட் வைக்காதே, நிரல் தரவாகப் படிக்கும் இடத்திலும் வைக்காதே. பின்னாளில் நகல் தடுப்புக்காரர்கள் இதையே ஆயுதமாக்கினார்கள். நிரல் தன் உடம்பையே கூட்டிப்பார்த்து, தொகை மாறியிருந்தால் யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று ஓடவே மறுத்துவிடும்.

ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கியபோது டிடிடி வழி தடைபட்டது. பிழைதேடும் நிரலான டீபக்கர் ஒரு புராசஸ், சோதிக்கப்படும் நிரல் இன்னொரு புராசஸ்; நடுவில் இயக்கமுறைமையின் சுவர். ஒன்றின் உள்ளிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. அதனால் தாவலுக்குப் பதில் ‘டிராப்’ வேண்டும். அதாவது கட்டுப்பாட்டை இயக்கமுறைமையின் மையமான கெர்னலிடம் ஒப்படைக்கிற ஒரு கட்டளை. டெக் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த பிடிபி-11இல் இதற்கென்றே பிபிடி என்ற கட்டளை இருந்தது. அதன் எண் வெறும் 3. 1975இல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் பிடிரேஸ் என்ற அழைப்பு இருந்தது. பெற்ற புராசஸ் பிள்ளையின் நினைவகத்தைச் சொல் சொல்லாகப் படிக்கலாம், எழுதலாம். பிபிடி மேல் கால்வைத்த பிள்ளைக்கு 5ஆம் எண் சிக்னல் வரும், பெற்றவர் விழித்துக்கொள்வார். இன்றைய லினக்ஸிலும் அந்தச் சிக்னலின் எண் 5தான்.

அதற்கு அடுத்த ஏழாம் பதிப்பில் ஒரு வேடிக்கையான தடையும் உண்டு. ஒரே நிரலை இரண்டு பேர் ஓட்டினால், நினைவகம் மிச்சமாகட்டும் என்று அதன் கட்டளைப் பகுதியை யுனிக்ஸ் ஒரே நகலாக வைத்திருக்கும். அதில் ஒருவர் பிரேக்பாயின்ட் எழுதினால் மற்றவருடைய நிரலும் நின்றுவிடும் அல்லவா? எனவே கட்டளைப் பகுதியை வேறு யாராவது பகிர்ந்துகொண்டிருந்தால், எழுத முடியாது என்று கெர்னல் கைவிரித்துவிடும். பக்கத்து மேசைக்காரர் வேலையை முடிக்கும்வரை பிழைதேடல் காத்திருக்க வேண்டியதுதான். எழுதும்போது அந்தப் பக்கத்தை மட்டும் தனி நகலாகப் பிரித்துத் தரும் ஏற்பாடு பின்னால் வந்து இதைத் தீர்த்தது. இன்று எல்லாரும் பகிரும் சி நூலகத்தின் நடுவில் பிரேக்பாயின்ட் வைத்தாலும் மற்ற நிரல்களுக்கு மூச்சுகூடக் கேட்காது.

இனி 204. இன்டெலின் 8080 செயலியில் (1974) கட்டளைகள் ஒரு பைட், இரண்டு பைட், மூன்று பைட் என்று பல நீளம். தாவல் கட்டளைக்கே மூன்று பைட். ஒரு பைட் கட்டளையின் இடத்தில் மூன்று பைட்டை எழுதினால் பக்கத்துக் கட்டளைகளும் சேர்ந்து அழியும். நல்லவேளையாக அதில் ஆர்எஸ்டி என்ற ஒரு பைட் கட்டளைகள் எட்டு இருந்தன. நினைவகத்தின் குறிப்பிட்ட இடங்களுக்குக் குதிப்பவை. அவை வெளிக்கருவிகளின் குறுக்கீடுகளுக்காக வந்தவை. கேரி கில்டாலின் சிபி/எம் இயக்கமுறைமையோடு வந்த டீபக்கர் (அதன் பெயரும் டிடிடிதான்) அவற்றில் 7ஆம் எண்ணைத் தனக்கு எடுத்துக்கொண்டது.

1978இல் 8086 வந்தபோது குறுக்கீடுகள் 256 ஆகப் பெருகின. அவற்றை நிரலே எழுப்ப ஒரு பொதுக் கட்டளை: முதல் பைட் 205, அடுத்த பைட்டில் குறுக்கீட்டின் எண். ஆக, 3ஆம் குறுக்கீட்டை எழுப்ப 205, 3 என்று இரண்டு பைட் போதும். ஆனாலும் வடிவமைத்தவர்கள் அந்த 3க்கு மட்டும் 204 என்று தனியாக ஒரு பைட்டை ஒதுக்கினார்கள். 256 முதல்பைட்களில் ஒன்றை இப்படித் தானம் செய்வது சின்ன விஷயம் இல்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு ஓர் இருக்கை அகலமாக இருந்தால் வம்பில்லை. இரண்டு இருக்கையை மூடும் துண்டானால், பக்கத்து இருக்கைக்காரர் பின்வாசல் வழியே வந்து துண்டின் பாதிமேல் உட்கார்ந்துவிடுவார். நிரலிலும் இதேதான். ஒரு பைட் கட்டளைமேல் 205, 3 என்று எழுதினால், அந்த 3 அடுத்த கட்டளையின் தலையில் விழும். வேறு எங்கிருந்தோ தாவல் ஒன்று நேராக அந்த அடுத்த கட்டளைக்கு வந்தால், செயலி 3ஐத்தான் படிக்கும். 8086இல் 3 என்பது ஒரு கூட்டல் கட்டளை. நிரல் நிற்காது, கேட்காத கூட்டல் ஒன்றைச் செய்துவிட்டு, தப்பான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும். பிழை தேடப் போனவர் தானே ஒரு பிழையை நட்டுவிட்டு வருவார்.

ஆகவே விதி இது: நிறுத்தும் கட்டளை, அந்தச் செயலியின் மிகச் சின்னக் கட்டளையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இன்டெலில் அந்த அளவு ஒரு பைட். இவ்வளவு சின்ன முடிவுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்தது அபூர்வம். 64 பிட் செயலிகளிலும் 204க்கு அதே வேலைதான்.

அதோடு ஒரு சில்லறைத் தொல்லையும் ஒட்டிக்கொண்டது. 204ஐச் செய்து முடித்துத்தான் இன்டெல் செயலி நிற்கும். அப்போது கட்டளைச் சுட்டி ஒரு பைட் தள்ளிப் போயிருக்கும். டீபக்கர் பழைய பைட்டைத் திரும்ப எழுதி, சுட்டியை ஒன்று பின்னுக்கு இழுத்து, டிராப் கொடியை ஏற்றி ஒரே ஒரு கட்டளையை ஓடவிட்டு, மறுபடி 204ஐ நட்டு, அதன்பிறகுதான் ‘போ’ என்று விட வேண்டும். 64 பிட் ஆர்மிலும் பவர்பிசியிலும் சுட்டி நிறுத்தக் கட்டளையின் மேலேயே நிற்கும். இழுக்கும் வேலை இல்லை. எந்தச் செயலியில் எத்தனை பைட் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பதை ஜிடிபி செயலிக்குச் செயலி குறித்து வைத்திருக்கிறது. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய அந்த டீபக்கரின் மூலநிரலைப் படிப்பது, செயலிகளின் வினோதங்களை வரிசையாகப் பார்ப்பது போலத்தான்.

1980களில் ரிஸ்க் செயலிகள் வந்தன. எல்லாக் கட்டளையும் நான்கு பைட். மிப்ஸில் பிரேக், ஸ்பார்க்கிலும் பவர்பிசியிலும் டிராப் வகைக் கட்டளை. அவையும் நான்கு பைட். பிடிபி-1இன் பொற்காலம் திரும்பிவிட்டது என்று தோன்றும். வினை வேறு உருவில் வந்தது.

மிப்ஸில் தாவல் கட்டளைக்கு அடுத்து இருக்கும் கட்டளை, தாவல் நிகழும் முன்பே ஓடிவிடும். அந்த இடத்துக்கு டிலே ஸ்லாட் என்று பெயர். அங்கே பிரேக்பாயின்ட் வைத்தால், நின்ற இடமாகச் செயலி சொல்வது அந்தக் கட்டளையின் முகவரியை அல்ல, முந்தைய தாவலின் முகவரியை. கூடவே ஒரு கொடியை ஏற்றி ‘உண்மையில் அடுத்ததில் நின்றேன்’ என்று ஜாடை காட்டும். தாவலை மறுபடி செய்யாமல் தொடர்ந்தால் நிரல் போகவேண்டிய இடத்துக்குப் போகாது என்பதால் இந்த ஏற்பாடு. ஜிடிபி இந்தச் சிக்கலோடு மல்லுக்கு நிற்பதில்லை. டிலே ஸ்லாட்டில் வை என்று நீங்கள் சொன்னாலும், ஒரு கட்டளை முன்னால் நகர்த்தித் தாவலின்மேலேயே வைத்துவிடும்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. பல கோர்கள் பகிரும் எண்ணை மாற்ற, ரிஸ்க் செயலிகள் முதலில் அதை ‘எனக்கு ஒதுக்கு’ என்று படிக்கும். மாற்றிய பிறகு, ஒதுக்கீடு கலையாமல் இருந்தால் மட்டும் எழுதும். கலைந்திருந்தால் முதலிலிருந்து தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் டீபக்கர் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தினால், நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒதுக்கீடு கலையும். நிரல் மறுபடி முதலுக்கே போகும். பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்த லூப் முடியவே முடியாது. டீபக்கரை எடுத்துவிட்டால் நொடியில் முடிந்துவிடும். இத்தகைய வரிசையைக் கட்டளைகளைப் பார்த்தே அடையாளம் கண்டு, அது முடியும் இடத்தில் மட்டும் பிரேக்பாயின்ட் வைத்து ஒரே மூச்சில் தாண்டவிட டீபக்கர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

கேஷும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி செயலிகளில் கட்டளைக்கு ஒரு கேஷ், தரவுக்கு ஒரு கேஷ். டீபக்கர் எழுதுவது தரவு வழியாக. கட்டளை கேஷில் பழைய நகல் இருந்தால், பிரேக்பாயின்ட் நட்ட பின்பும் நிரல் அதைக் காணாமல் ஓடிப்போகும். எழுதியதும் கட்டளை கேஷைக் காலி செய்யச் சொல்வது கெர்னலின் பொறுப்பு. தன்னைத்தானே மாற்றி எழுதும் பழைய நிரல்களுக்காக இன்டெல் செயலிகள் இதை வன்பொருளிலேயே பார்த்துக்கொள்கின்றன.

ஆரம்பகால ஆர்மில் பிரேக்பாயின்ட் கட்டளையே கிடையாது. பொருள் வரையறுக்காமல் விட்டிருந்த ஓர் எண்ணை லினக்ஸ் தேர்ந்தெடுத்து, இதைப் பார்த்து செயலி திகைத்தால் அது பிரேக்பாயின்ட் என்று கெர்னலிடம் சொல்லி வைத்தது. பிற்பாடு தனிக் கட்டளை வந்த பிறகும் 32 பிட் லினக்ஸ் பழைய ஏற்பாட்டையே தொடர்ந்தது. ஆர்முக்கு இன்னொரு சுபாவம்: அதே செயலி நான்கு பைட் கட்டளைகளும் ஓட்டும், தம்ப் என்ற சுருக்க வகையும் ஓட்டும். முகவரியை மட்டும் பார்த்தால் அங்கே எந்த வகை இருக்கிறது என்று தெரியாது. கம்பைலர் விட்டுவைத்த குறிப்புகளைப் பார்த்து டீபக்கர் முடிவு செய்ய வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் ஒன்றுக்கு இரண்டு கட்டளை நாசம். தம்பில் ஐடி என்று ஒரு கட்டளை, தனக்குப் பின்னால் வரும் நான்கு கட்டளைகள்வரை ‘நிபந்தனை நிறைவேறினால் மட்டும் செய்’ என்று கட்டிப்போடும். அந்தக் கட்டுக்குள் பிரேக்பாயின்ட் வைத்தால் எது ஓடும், எது ஓடாது என்பதே குழப்பம். ஜிடிபி அங்கேயும் மிப்ஸில் செய்ததையே செய்கிறது: கட்டுக்கு வெளியே, முன்னால் நகர்த்திவிடுகிறது.

இட்டானியத்தில் 128 பிட் மூட்டை ஒன்றுக்குள் 41 பிட் கட்டளைகள் மூன்று. பைட் எல்லையில் எதுவும் நிற்காது. அந்தச் செயலியே இப்போது போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தக் கஷ்டத்தை விவரிக்காமல் விடுகிறேன்.

முன்னோர் பட்ட பாட்டைப் பார்த்து வடிவமைத்தது என்று சொல்லத்தக்கது ரிஸ்க்-வி. நான்கு பைட்டுக்கு ஈபிரேக். சுருக்கிய இரண்டு பைட் கட்டளைகளுக்கு அதே வேலை செய்யும் இரண்டு பைட் கட்டளை. டீபக்கர் அங்கே ஏற்கெனவே இருக்கும் கட்டளையின் நீளத்தைப் படித்து, அதற்கேற்றதை எழுதினால் போதும். டிலே ஸ்லாட் கிடையாது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகளும் ரிஸ்க்-வி குடும்பம்தான். அவற்றில் பிரேக்பாயின்ட் வைத்தால் நிற்கவைப்பது இந்த ஈபிரேக்கே.

பல திரெட்கள் ஓடும் நிரலில் எல்லாச் செயலிக்கும் பொதுவான ஒரு வம்பு உண்டு. ஒரு திரெட் தாண்டிப் போவதற்காக 204ஐ ஒரு கணம் எடுத்தால், அந்த இடைவெளியில் இன்னொரு திரெட் நிற்காமல் நழுவிவிடும். எல்லாத் திரெட்டையும் நிறுத்தி வைப்பது ஒரு வழி. 204ஐ எடுக்காமலே, மூலக் கட்டளையின் நகலை வேறோர் இடத்தில் வைத்து அங்கே ஓட்டி, சுட்டியைத் திருத்தித் திரும்ப அனுப்புவது இன்னொரு வழி. கட்டளை தன் சொந்த முகவரியை வைத்து எதையாவது கணக்கிட்டால், இடம் மாறியதில் கணக்குப் பிசகும். அதையும் டீபக்கர் திருத்தியாக வேண்டும். பிடிபி காலத்து டிடிடி செய்ததன் மறுபிறவிதான் இது. கெர்னலுக்குள்ளேயே பிரேக்பாயின்ட் வைக்க லினக்ஸில் 2004இல் சேர்ந்த கேபுரோப்ஸும் இதே வழியைத்தான் பிடித்தது.

அந்த லினக்ஸ் கெர்னலில் 204க்கு இப்போது இன்னொரு உத்தியோகமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னல் தன் கட்டளைகளை மாற்றி எழுதிக்கொள்ளும். வேவுபார்க்கும் வசதியை ஓரிடத்தில் திறக்கவும் மூடவும் ஐந்து பைட் கட்டளை ஒன்றை இன்னொன்றாக மாற்றும். முன்பு இதற்காக எல்லாக் கோர்களையும் ஓரிடத்தில் கட்டிப்போட்டார்கள். இப்போது முதல் பைட்டில் 204ஐ எழுதி எல்லாக் கோர்களுக்கும் தெரியப்படுத்துகிறார்கள். பிறகு மீதி நான்கு பைட்டை மாற்றி மறுபடி தெரியப்படுத்துகிறார்கள். கடைசியாக 204ஐ எடுத்துப் புதிய முதல் பைட்டை வைக்கிறார்கள். நடுவில் ஏதாவது ஒரு கோர் அந்த 204 மேல் கால்வைத்துவிட்டால், பாதி மாறிய கட்டளையை அது படிப்பதில்லை. குறுக்கீடு எழுந்து, புதிய கட்டளை செய்ய வேண்டியதைக் கெர்னல் தானே செய்துகொடுத்து, அந்தக் கோரை மேலே அனுப்பிவைக்கிறது.